பார்த்து எழுதிய முகம்

பிறர் எழுதிய சித்திரத்தைப் பார்த்து வரைவதைக் களவென்று இகழ்வார் நம்மிடையே உளர். ஒல்லாந்த ஓவியர் வின்சென்ற் வான் கோவின் வரலாற்றை அவர்கள் அறிதல் நன்று.

1879இல், பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் அவர் வகித்த போதகர் உத்தியோகம் பறிபோயிற்று. மறு ஆண்டு, 27ஆம் வயதில், ஓவியராவதென்று துணிந்தார். கற்பிக்க அருகில் எவருமில்லை. துரோணரின் மண்ணுருவை முன்வைத்துப் பயின்ற ஏகலைவனைப் போல, பிரெஞ்சுக்காரரான சார்ள் பார்க், ஜெரோம் என்னும் ஓவியரின் துணையுடன் இயற்றிய பயிற்சித் தாள்களையே குருவாகக் கொண்டார்.

அவை கல்லச்சிற் பதித்தவை. முதற்பகுதியிற் பல தாள்களில் ஒருபுறம் நேர்கோடுகளாலான புறவரை. மறுபுறம் நிழலிட்டு முடித்த உருவம். வளைவைக் கண்டதும் வளைத்து ஓடும் கையை அடக்கி, நீளத்தையும் சாய்வையும் முதலிற் கண்ணால் அளக்கப் பழக்குவதே நோக்கம். (எத்துணைச் சலிப்பான வேலை என்பதை முயன்றவரே அறிவர்!) கரிக்கோற் பயிற்சித் தாள்கள் 60ஐயும் வரைந்து முடித்தார், பின்னர் மீண்டும் தொடக்கத்திலிருந்து வரைந்தார்.

1881இல் அவர் பெயர்த்தெழுதிய முகமொன்று உண்டு. உள்ளதை உள்ளவாறே எழுத வல்ல ஹோல்பைன், 1526ஆம் ஆண்டளவில் வரைந்த யாக்கோபு மேயரின் மகள் அவள். அவிழ்ந்த கூந்தலுடைய இளம்பெண். மூலச்சித்திரம் சுவிற்சலாந்தின் பாசல் நகரில் உளது. வான் கோ பார்த்து வரைந்ததோ பார்க்கின் கல்லச்சுப் பிரதியை. நகலின் நகல்! ஹோல்பைனின் மென்மை அதில் வரவில்லை என்பேன். ஆயினும் அளவு தப்பாதிருக்க அவர் பட்ட பாடு கோடுதோறும் தெரிகின்றது.

1890இல், சூரியகாந்திப் பூக்களையெல்லாம் தீட்டி முடித்த பின்னர், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். அதே கரிக்கோற் பயிற்சித் தாள்களை மறுபடியும் அனுப்பி வைக்குமாறு அதிற் கேட்டிருந்தார்.