கான்கிரீட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு

பால்ஃப்ரன் கோபுரத்தை முதலில் பார்த்தபோது எனக்கும் பிடிக்கவில்லை. என்னடா இது, ஜெயில் மாதிரி இருக்கே என்றுதான் தோன்றியது. கிழக்கு லண்டனில் பாப்ளர் பகுதி. 26 மாடி, 146 வீடுகள், பூச்சில்லாத கான்கிரீட். லிஃப்டுக்கென்று பக்கத்தில் தனிக் கோபுரம். மூன்று மாடிக்கொரு பாலம். வீடு என்பது அரசு செய்துதர வேண்டிய கடமை என்று நம்பிய, போருக்குப் பிந்தைய பிரிட்டனின் அரசியல்தான் இப்படிக் கட்டடமாக எழுந்து நின்றது. வடிவமைத்த எர்னோ கோல்ட்ஃபிங்கர் 1968இல் மனைவி உர்சுலாவோடு உச்சி மாடியில் இரண்டு மாதம் குடியிருந்தார். குடித்தனக்காரர்களைக் கூப்பிட்டு, ஷாம்பேன் கொடுத்து, என்ன குறை என்று விசாரித்தார். மேட்டிமைத்தனம் என்று சிரிக்கலாம். ஆனாலும் மனுஷன் கேட்டார்.

1996இல் இக்கட்டடம் மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2015இல் அதன் தரம் உயர்த்தப்பட்டது. சிக்கல் இங்கே இருக்கிறது. கான்கிரீட்டும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் வீட்டுச் சூட்டை வெளியே கடத்திவிடும். குளிர்ந்த சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சை படியும். வெளிப்பக்கம் காப்புறை போர்த்துவதுதான் சுலபமான வழி. ஆனால் அந்த முகத்துக்காகத்தானே பட்டியலில் சேர்த்தார்கள்? ஆகவே உள்ளிருந்தே வேலை செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும், தளம் பால்கனியாக வெளியே நீளும் இடத்தில் சூடு கசிவதை முழுக்க அடைக்க முடியாது. செலவும் ஏறும்.

அதை யார் தலையில் கட்டுவது? 2006இல் வாடகைதாரர்கள் வாக்களித்ததன் பேரில் கட்டடம் உள்ளாட்சியிடமிருந்து வீட்டுவசதி அமைப்பொன்றுக்குக் கைமாறியது. 2010க்குப் பிறகு அவர்கள் படிப்படியாகக் காலிசெய்ய வைக்கப்பட்டார்கள். புதுப்பித்த வீடுகள் சந்தைக்குப் போயின. சமூக வாடகைக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மரச்சட்ட ஜன்னல்கள் போய் அலுமினியம் வருவதை மரபு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், நியாயமான எதிர்ப்புதான். ஜன்னல் சட்டத்துக்காக வாதாடச் சட்டத்தில் இடமிருந்தது. அந்த ஜன்னலோரம் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

பாரிஸில் இதற்கு நேரெதிரான கதை. 1960களின் தொடக்கத்தில் எழுந்த புவா-ல-ப்ரேத்ர் கோபுரம் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2011இல் முடிந்த வேலையில் ட்ரூவோ, லாகாதோன், வசால் மூவரும் பழைய முகப்பைக் கழற்றி, கண்ணாடியடைத்த தாழ்வாரத்தையும் பால்கனியையும் வெளியே சேர்த்தார்கள். சூடேற்றும் செலவு ஏறக்குறைய பாதியானது. இடித்துக் கட்டுவதைவிட மலிவு. முக்கியமாக, வேலை நடக்கும்போதும் ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். முகம் போனது, ஆட்கள் தங்கினார்கள்.

பட்டியலே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. பால்ஃப்ரனுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ராபின் ஹூட் கார்டன்ஸ் பட்டியலில் இடம் பெறவில்லை. 2017இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அங்கே கட்டடமே போயிற்று. நான் சொல்வது இதுதான்: பொதுவீட்டை மரபென்று ஏற்றால், அதன் வாடகையும் அந்த மரபில் சேர்த்திதான். எத்தனை யூனிட் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்களிடம் கூடவே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: அந்தச் சூட்டில் இப்போது யார் குளிர்காய்கிறார்கள்?