அதிகம் பேசாத மனிதர்: பென் ஜான்சனின் படங்கள்

சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதை 1972-இல் பெற்ற பென் ஜான்சன், அந்த வேடத்தை முதலில் ஏற்க மறுத்தவர். படம் 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ'. அவர் மறுத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வசனம் அதிகம். மற்றொன்று, வசனத்தில் இருந்த ஆபாசச் சொற்கள். இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் வேறு வழியின்றி மூத்த இயக்குநர் ஜான் ஃபோர்டின் உதவியை நாடினார். ஃபோர்டு எடுத்துச் சொன்ன பிறகே ஜான்சன் இசைந்தார். அதுவும், தம் வசனத்தில் தமக்கு ஒவ்வாத சொற்களை மாற்றிக்கொள்ளும் உரிமையோடு. அந்தப் படத்தில் அவர் திரையில் தோன்றுவது ஏறத்தாழ பத்து நிமிடங்கள்தாம்.

அந்தப் பத்து நிமிடங்களை மட்டும் பார்த்து அவரைப் புகழ்வது எளிது. ஆனால், அதற்கு முன் இருபதாண்டுக் காலம் அவர் பேசாமல் நடித்த படங்களைப் பார்த்தவர்களுக்கே, அவர் வாய் திறந்து பேசும் அக்காட்சியின் முழு எடையும் புலப்படும் என்பது என் கருத்து.

ஜான்சன் 1918-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஃபோரேக்கர் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை, சுருக்குக் கயிறு வீசிக் கன்றுகளைப் பிடிக்கும் போட்டிகளில் பெயர் பெற்றவர். மகனும் மாட்டுப் பண்ணையில் நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலிக்கு வேலை செய்தார். கோடீசுவரர் ஹோவர்ட் ஹியூஸ் தம் 'தி அவுட்லா' படத்துக்காகக் குதிரைகள் வாங்கியபோது, அவற்றைக் கொண்டுசேர்க்கும் வேலை ஜான்சனுக்குக் கிடைத்தது. ஹாலிவுட்டில் அவர் பெற்ற முதல் காசோலை 300 டாலர். பண்ணையில் அது பத்து மாதக் கூலி. அதன் பிறகு தடியெடுத்து விரட்டினாலும் ஓக்லஹோமாவுக்குத் திரும்பியிருக்க மாட்டேன் என்ற பொருளில் பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகக் கூறினார். தொழிலாளர் இடப்பெயர்வை விளக்க வகுப்பறையில் எத்தனையோ எடுத்துக்காட்டுகளைத் தேடியிருக்கிறேன். இவ்வளவு நேரடியான ஒன்று அப்போது கைக்கு அகப்படவில்லை.

தொடக்கத்தில் அவர் நடிகர் அல்லர். பெரிய நடிகர்களுக்காகக் குதிரைமீது 'டூப்' போட்டவர். ஃபோர்டின் 'ஃபோர்ட் அப்பாச்சி' (1948) படப்பிடிப்பில் ஒரு வண்டியின் குதிரைகள் மிரண்டு, மூன்று பேருடன் தறிகெட்டு ஓடின. குதிரையில் விரைந்து சென்று வண்டியை நிறுத்தியவர் ஜான்சன். இதற்குப் பலன் உண்டு என்றார் ஃபோர்டு. இன்னொரு டூப் வாய்ப்பு வரும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் வந்தது. வாரம் 5,000 டாலர் என்ற வரியை எட்டியதும், மேற்கொண்டு படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டதாக அவரே சொல்வதுண்டு.

'ஷீ வோர் எ எல்லோ ரிப்பன்' (1949) படத்தில் சார்ஜன்ட் டைரி என்ற வேடம். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையின் கேப்டனாக இருந்து, வென்றவர்களின் படையில் சார்ஜன்டாகப் பணிபுரிபவர். அந்த இறக்கத்தைப் பற்றி அவர் புலம்புவதில்லை. கருத்துக் கேட்டால், அது தம் துறை அன்று என்று நழுவிவிடுவார். மானுமென்ட் பள்ளத்தாக்கின் செம்மண் வெளியில் அவர் குதிரையில் பறக்கும் காட்சிகளில் டூப் கிடையாது. 'ரியோ கிராண்டே' (1950) படத்தில் இரு குதிரைகளின் முதுகில் காலுக்கொன்றாக நின்றபடி ஓட்டிச் செல்வதும் அவரேதான். அந்தப் படப்பிடிப்பின்போது ஃபோர்டுக்கும் அவருக்கும் வாக்குவாதம் மூண்டது. அடுத்த பல ஆண்டுகளுக்கு ஃபோர்டின் படங்களில் அவருக்கு இடமில்லை.

பிணக்கு மூளுமுன் வந்த 'வேகன் மாஸ்டர்' (1950) படத்தையே அவருடைய படங்களில் முதலாவதாக வைப்பேன். நட்சத்திரங்கள் எவரும் இல்லாத, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான கறுப்பு வெள்ளைப் படம். யூட்டா மாநிலத்தில் புதிய நிலம் தேடிச் செல்லும் மார்மன் சமயத்தாரின் வண்டித் தொடருக்கு, டிராவிஸ், சாண்டி என்னும் இரண்டு இளம் குதிரை வணிகர்கள் வழிகாட்டிகளாகிறார்கள். டிராவிஸ் ஜான்சன், சாண்டி ஹாரி கேரி ஜூனியர். கதை என்று பெரிதாக ஏதுமில்லை. வண்டிகள் ஆற்றைக் கடக்கின்றன, தண்ணீர் தீர்கிறது, கொள்ளைக் குடும்பம் ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. மனிதனைக் குறிவைத்துத் துப்பாக்கி எடுத்ததுண்டா என்று கேட்டால், இல்லை, பாம்புகளை மட்டுமே என்பான் டிராவிஸ். இறுதியில் அவன் மனிதர்களைச் சுட நேரும்போது அதே பதில் மீண்டும் வருகிறது. இம்முறை அதன் பொருள் வேறு. ஜான்சன் இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்கிறார். வசூலில் பெரிதாகச் சோபிக்காத இந்தப் படத்தைத் தமக்கு மிக நிறைவளித்தவற்றுள் ஒன்றாக ஃபோர்டு குறிப்பிட்டார்.

'ஷேன்' (1953) படத்தில் அவர் வேடம் சிறியது. கதாநாயகனை மதுக்கடையில் சீண்டி அடிவாங்கும் முரடன், பின்னர் எதிராளிகள் விரிக்கும் வலையைப் பற்றி அவனையே தேடிவந்து எச்சரிக்கிறான். மனமாற்றத்தை விளக்கும் வசனம் அதிகமில்லை. அவர் நிற்கும் தோரணையே போதுமானதாக இருக்கிறது.

அதே 1953-இல் நடிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு ரோடியோ எனப்படும் குதிரை, மாட்டு விளையாட்டுப் போட்டிகளுக்குத் திரும்பினார். இருவர் இணைந்து கயிறு வீசும் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். ஆண்டின் இறுதியில் கையில் மிஞ்சியவை தேய்ந்த கார் ஒன்றும் மனைவியின் கோபமும்தான் என்பது அவரது கணக்கு. ஆனாலும், வாழ்நாள் முழுவதும் அவர் மிகவும் பெருமைப்பட்டது அந்தப் பட்டத்தைப் பற்றித்தான்.

சாம் பெக்கின்பாவின் 'தி வைல்ட் பன்ச்' (1969) பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. காலம் கடந்துபோன நான்கு கொள்ளையர்கள் சாவை நோக்கித் தோளோடு தோளாக நடக்கும் காட்சியில், அந்த நால்வரில் ஒருவர் ஜான்சன். அதே இயக்குநரின் 'ஜூனியர் பானர்' (1972) ரோடியோ உலகைப் பற்றிய அமைதியான படம். அதில் விலங்குகளை வழங்கும் ஒப்பந்தக்காரராக வருகிறார். நடிக்கவே வேண்டியிராத வேடம்.

இனி 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' (1971). டெக்சாசில் 1950-களின் தொடக்கத்தில் மெல்லத் தேய்ந்துவரும் சிற்றூர். அங்குள்ள பில்லியர்ட்ஸ் விடுதி, உணவகம், திரையரங்கு மூன்றுக்கும் உரிமையாளர், 'சாம் தி லயன்' என்று ஊரார் அழைக்கும் முதியவர். வாய்பேசாச் சிறுவன் பில்லியை இளைஞர்கள் இழிவுபடுத்தியதை அறிந்ததும், இனி என் இடங்களில் கால்வைக்காதீர்கள் என்று விலக்கிவைக்கிறார். குரல் உயர்வதில்லை, நமக்கோ கூசுகிறது. பின்னொரு நாள், குளக்கரையில் மீன்பிடிக்க அமர்ந்தபடி, இருபதாண்டுகளுக்கு முன் அங்கே தம்மோடு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். கேமரா மெல்ல அவர் முகத்தை நெருங்குகிறது. டிராவிசாகவும் டைரியாகவும் குதிரைமேல் வாய்மூடித் திரிந்த இளைஞன் முதுமையில் முதன்முறையாகத் தன் மனத்தைத் திறப்பதுபோல் இருக்கிறது. அந்தப் பெண் யார் என்பது பின்னர்தான் தெரியவருகிறது.

படத்தின் நடுவிலேயே சாம் இறந்துவிடுகிறார். அந்த மரணத்தைத் திரையில் காட்டுவதும் இல்லை. ஆனால், அதன் பின் ஊரின் வெறுமை ஒவ்வொரு காட்சியிலும் கூடிக்கொண்டே போகிறது. தொலைக்காட்சியோடு போட்டியிட முடியாமல் திரையரங்கும் மூடப்படுகிறது. ஒரு துணைக் கதாபாத்திரம் இல்லாமற்போவதே படத்தின் மையமாவது அரிது. அவ்வாண்டு அதே விருதுக்கு அதே படத்திலிருந்து போட்டியிட்ட மற்றொருவர், இளைஞரான ஜெஃப் பிரிட்ஜஸ்.

விருதுக்குப் பின் வந்த படங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. 'டிலிஞ்சர்' (1973) படத்தில் புலனாய்வு அதிகாரி பர்விஸாக நடித்தார். உண்மையான பர்விசுக்கு அப்போது முப்பது வயது, ஜான்சனுக்கோ ஐம்பத்தைந்து! ஸ்பீல்பெர்க்கின் 'தி ஷுகர்லேண்ட் எக்ஸ்பிரஸ்' (1974) அவசியம் காண வேண்டியது. தப்பியோடும் இளம் தம்பதியைத் துரத்தும் காவல் அதிகாரி, அவர்களைக் கொல்லாமல் பிடிக்க முடியாதா என்று தவிக்கும் தவிப்பு, பெரும்பாலும் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்த முகத்தில் மட்டுமே நிகழ்கிறது.

ஜான்சன் 1996-இல் அரிசோனாவில் காலமானார். அவருடைய பிற்காலப் படங்களில் ரிச்சர்டு புரூக்ஸின் 'பைட் தி புல்லட்' (1975) இன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எழுநூறு மைல் குதிரைப் பந்தயத்தில் கலந்துகொள்ளும் நோயாளிக் கிழவர் வேடம். அவருக்குப் பெயர்கூட இல்லை. எல்லோரும் 'மிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். ஓர் இரவு, ஜீன் ஹேக்மன் நடிக்கும் சக போட்டியாளரிடம், தாம் பார்த்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்; எதிலும் நிலைத்ததில்லை, நினைவில் வைத்துக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. பந்தயத்தில் வென்றால் நாலுபேர் தம்மை அறிவார்கள் என்பதே அவர் ஆசை. பந்தயம் முடியும்வரை அவர் உயிரோடு இருப்பதில்லை.