மெட்ராஸ்ல போட்ட கணக்கு

எங்க ஆனைமலைல இருந்து மலையேறி வால்பாறை தாண்டினா, சின்கோனான்னு ஒரு ஊர் வரும். அது ஒரு மரத்தோட பேருங்க. மலேரியாவுக்கான குயினைன் அந்த மரத்துப் பட்டைல இருந்துதான் வந்துச்சு. காய்ச்சல் குறையுதுன்னு தெரியும். ஏன் குறையுதுன்னு ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது.

இன்னைக்கு மருந்து தேடுறவங்க பல நேரம் எதிர்ப்பக்கத்துல இருந்து வர்றாங்க. நோயோட தொடர்புடைய புரதத்தை கம்ப்யூட்டர்ல முப்பரிமாணத்துல வச்சு, அதோட பள்ளத்துல எந்த மூலக்கூறு பொருந்தும்னு பார்க்குறாங்க. பூட்டைப் பார்த்து சாவி செய்யற மாதிரி. ஆனா பூட்டோட வடிவமே தப்பா இருந்தா? அதைப் பிடிக்க உலகம் முழுக்க பயன்படுத்துற ஒரு சோதனை, மெட்ராஸ்ல பிறந்தது.

1952ல ஜி.என்.ராமச்சந்திரன் மெட்ராஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரா வர்றார். தோல்லயும் எலும்புலயும் இருக்கற கொலாஜன் புரதம் மூணு இழை சேர்ந்ததுன்னு, கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து 1954ல சொல்றார். அடுத்த வருஷமே, அந்த மூணும் நம்ம பொள்ளாச்சி தேங்காநார்க் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்குன்னு மாடலைத் திருத்துறார்.

டி.என்.ஏ புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு குறை சொன்னாங்க: இந்த மாடல்ல சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருக்கு.

சரி, எவ்வளவு நெருங்கினா அளவு மீறுது? ராமச்சந்திரன் குழு அதையே கேள்வியா எடுத்துக்கிச்சு. அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி, அணுக்கள் நிஜத்துல எவ்வளவு நெருங்குதுன்னு பட்டியல் போட்டாங்க. புரதச் சங்கிலியோட ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமா ரெண்டு கோணம் திரும்பும்: ஃபை, சை. எந்த ஜோடிக் கோணத்துல அணுக்கள் இடிச்சுக்கும்னு சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரனோட சேர்ந்து கணக்குப் போட்டாங்க. கையில இருந்தது மேசைக் கால்குலேட்டர்தான்.

1963ல கட்டுரை வந்துச்சு. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு, முக்கால் பங்குக்கு மேல கோண ஜோடிகள் சாத்தியமே இல்லை! மிச்சத்தைக் காட்டுறதுதான் ராமச்சந்திரன் வரைபடம். ஆல்ஃபாஃபோல்ட் கணிக்கிற புரத வடிவத்தைக்கூட இன்னைக்கு அதுல வச்சுத்தான் சரிபார்க்குறாங்க. தடை செஞ்ச பகுதியில நிறைய புள்ளி விழுந்தா, அந்தப் பூட்டை நம்பி சாவி வெட்ட முடியாது.

நான் கோட் எழுதறவன். ரிவ்யூல யாராவது குறை சொன்னா, அந்த ஒரு வரியை மாத்திட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவேன். இவங்க அந்தக் குறையை அளக்கறதுக்கே ஒரு அளவுகோல் செஞ்சாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்ங்க.