யாருடைய குரல், யாருடைய வாய்?

இந்த ஏப்ரல் 14 அன்று எங்கள் புதுப்பட்டினம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி வீடியோ ஒன்றைப் போட்டிருந்தார். பாபாசாகேப் கண் சிமிட்டுகிறார், விரலை நீட்டுகிறார், சுத்தமான தமிழில் நமக்கு வாழ்த்துச் சொல்கிறார். எல்லோரும் நீல இதயம் போட்டார்கள். நானும் போட்டேன். ராத்திரிதான் உறுத்தியது. அவருடைய உண்மையான குரல் நம்மிடம் இருக்கிறதே! 1955இல் பிபிசி வானொலிக்கு ஆங்கிலத்தில் அவர் கொடுத்த பேட்டியை யாரும் கேட்கலாம். காந்தியை எதிராளியாகச் சந்தித்ததால்தான் மற்றவர்களைவிட அவரை நன்றாகத் தெரிந்துகொண்டேன் என்ற பொருளில், தயவு தாட்சண்யம் இல்லாமல் பேசுகிறார். வாழ்த்துச் சொன்ன பொம்மையிடம் அந்தக் கோபம் இல்லை.

செத்தவர்களைப் பேச வைப்பது தமிழ்நாட்டுக்கு இப்போது புதிதல்ல. 2018இல் இறந்த கலைஞர், 2024 ஜனவரி 23 அன்று டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டில் திரையில் தோன்றினார். நண்பரை வாழ்த்தினார், மகனுடைய தலைமையையும் பாராட்டினார். அதே மாதம் 'லால் சலாம்' படப் பாட்டில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் மறுபடி பாடினார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் சொன்னார். அனுமதி தர ஒரு குடும்பமும், கேட்க ஒரு ரகுமானும் இருந்தார்கள். அப்படி யாரும் இல்லாதவர்களின் குரல் என்ன ஆகும்?

அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் போய் ஜெர்மனியிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் பலரை, பெர்லினுக்குப் பக்கத்தில் வுன்ஸ்டார்ஃப் என்ற ஊரில் 'பிறை முகாமில்' அடைத்து வைத்திருந்தார்கள். 1915இல் ஒரு ஒலிப்பதிவுக் குழு அமைக்கப்பட்டது. வில்ஹெல்ம் டோகன் என்பவர் முன்னின்று நடத்தினார். கைதியைக் குழாய்க்கு முன்னால் நிறுத்துவார்கள். பெயர், ஊர், மதம், தொழில் எல்லாம் படிவத்தில் ஏறும். கதை சொல், பாட்டுப் பாடு என்பார்கள். போர் முடிவதற்குள் பல முகாம்களிலுமாக ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் சேர்ந்தன. பேசியவனின் துயரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அவன் உச்சரிப்புதான் தேவைப்பட்டது.

1916 டிசம்பர் 11 அன்று மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் அந்தக் குழாய்க்கு முன் நின்றார். தன்னைப் பற்றிப் பேசாமல் 'ஒரு மனிதன் இருந்தான்' என்று கதைபோல ஆரம்பித்தார். ஊரில் வெண்ணெய் தின்று வாழ்ந்தவன் இங்கே வந்து மாட்டிக்கொண்டான், ஊர் திரும்பினால்தான் அவனுக்கு அந்தச் சாப்பாடு என்று முடித்தார். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கைதி, காவலுக்கு நடுவில் நின்றுகொண்டு, படர்க்கையில் தன் வழக்கைப் பதிவு செய்துவிட்டார்! அந்தத் தட்டுகள் இன்று பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 2007இல் பிலிப் ஷெஃப்னர் இதை வைத்து ஒரு படம் எடுத்த பிறகுதான் பலர் மல் சிங்கைக் கேட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஷோவா அறக்கட்டளை, நாஜி முகாம்களில் தப்பியவர்களைப் பல கேமராக்கள் நடுவே உட்கார வைத்து நாள்கணக்கில் கேள்வி கேட்டது. பின்கஸ் குட்டர் என்ற பெரியவர் ஆயிரம் கேள்விகளுக்கு மேல் பதில் சொன்னார். அருங்காட்சியகத்தில் அவருடைய உருவத்திடம் ஒரு மாணவி கேட்டால், பொருத்தமான பதிலை எந்திரம் தேடி எடுத்துப் போடும். இங்கே எந்திரம் தேட மட்டுமே செய்கிறது, புதிதாக ஒரு சொல்லையும் அவர் வாயில் வைப்பதில்லை. தோழர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் பாட்டன்மார் பட்ட பாட்டை அறிக்கையாக எழுதினார். 1892இல் வந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுதான் அடிப்படை. நல்ல அறிக்கை, நாம் இன்றும் கோர்ட்டுக்கு எடுத்துப் போகிற வரலாறு. ஆனால் அதில் பேசுவது வெள்ளைக்காரக் கலெக்டர். அந்த நிலத்தை மீட்கக் காரணையில் கிளம்பிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். ஆண்டுதோறும் அவர்கள் படத்துக்கு மாலை போடுகிறோம். அன்று கூட நடந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

போன வருஷம் பக்கத்து ஊர் ஆயா ஒருவரிடம் போனை நீட்டி, நிலம் கைமாறிய கதையைக் கேட்டேன். முதலில் பேசவில்லை. "இன்னா கண்ணு, இத எங்க போட்டுக் காட்டப் போற?" என்றார். விளக்கினேன். அரை மணி நேரம் கொட்டினார். நிலத்தைப் பிடுங்கியவர் பெயர் வரும் இடத்தில் மட்டும் கையால் போனை மூடினார். "அவன் பேரன் இங்கதான் இருக்கான். நான் செத்தப்புறம் போடு."

அந்தப் பதிவில் அவர் கை உரசும் சத்தம் நாலு விநாடி இருக்கிறது. கல்லூரித் தம்பி ஒருவர், ஆயாவின் போட்டோவை வைத்து வாயசைத்துப் பேச வைக்கலாம், உரசல் சத்தத்தையும் நீக்கிவிடலாம் என்றார். ஆயாவிடமே கேட்டோம். "மூஞ்சி வேணாம். கொரலு இருக்கட்டும்" என்றார். உரசலோடு அப்படியே வைத்திருக்கிறோம்.