வேளாண் கழிவும் திசு வளர்ப்பு ஊடகமும்

தாவரத்தின் நுனிமொட்டையோ வேறொரு சிறு துண்டையோ வெட்டியெடுத்து, கிருமி நீக்கிய குடுவையில், லவணங்களும் சர்க்கரையும் வைட்டமின்களும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த கூழின்மீது வைத்து முழுச் செடியாக்கும் முறை திசு வளர்ப்பு எனப்படும். முராஷிகி, ஸ்கூக் என்னும் அறிஞர்கள் 1962-இல் வகுத்த ஊடகமே இன்றும் பெரும்பாலும் வழங்குகிறது. அதன் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரையும், கூழாக இறுகுவதற்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் 8 கிராம் அளவிலும் வேண்டியிருப்பதால், செலவைக் குறைக்க விரும்புவோர் ஆய்வகச் சர்க்கரைக்குப் பதில் கடைச் சர்க்கரையையும், அகரில் ஒரு பகுதிக்கு ஈடாக மரவள்ளி மாவையும் இடுகின்றனர். மரவள்ளிக் கூழ் கலங்கலாயிருப்பதால் பூஞ்சை தோன்றினால் உடனே கண்ணில் படாது என்பது அதன் குறை.

கழிவென்று கொட்டப்படும் திரவங்களுள் விசேஷமானது, கொப்பரைக் களங்களில் வீணாகும் முற்றிய தேங்காயின் நீர். வான் ஓவர்பீக் என்னும் அறிஞர் 1941-இல் ஊமத்தையின் இளங்கருக்களை அதன் துணையால் வளர்த்துக் காட்டினார். ஸியாட்டின் வகை ஊக்கிகளும் இனாசிட்டாலும் அதில் இயற்கையாகவே அமைந்திருப்பது பின்னர்த் தெளிவாயிற்று.

திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலையிலுள்ள அய்யலூரின் தக்காளிச் சந்தையை அறிந்தவர்க்கு மற்றொரு செய்தி சுவைதரும். விலை வீழ்ந்த நாட்களில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்படும் அதே தக்காளியின் சாற்றைக் கொண்டுதான், லா ரூ என்னும் ஆய்வாளர் 1949-இல் மக்காச்சோள விதையின் முளைசூழ்தசையை வளர்த்தார். ஆயினும், ரகத்துக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்பச் சாற்றின் குணம் மாறுவதாலும், அதன் புளிப்பைத் தணித்து ஊடகத்துக்குரிய 5.8 என்னும் கார அமில நிலைக்குக் கொண்டுவராவிடில் அகர் சரிவர இறுகாததாலும், இலவசமாகக் கிடைக்கும் பொருள் என்ற ஒரே காரணத்துக்காக அதை அப்படியே ஊற்றிவிட முடியாது. ஒரே தொகுதியை வடிகட்டி, உறையவைத்துப் பயன்படுத்துவதே உசிதம்.

ஊடகச் செலவு குறைவதால் மட்டும் எல்லாம் தீராது. சிறுமலை, கீழ்ப்பழனி மலைகளின் வாழையை முடிக்கொத்து என்னும் வைரஸ் நோய் அழித்தபின், அதன் புனருத்தாரணத்துக்கு உதவியவற்றுள் வைரஸற்ற திசு வளர்ப்புக் கன்றுகளும் உண்டு. ஊடகம் எவ்வளவு மலிவாயினும் வைரஸைப் போக்குவது அதன் வேலையன்று. தாய்ச்செடியைச் சோதித்தே தேர வேண்டும்.

கழிவுகளுள் மிக நிச்சயமான பயன் உடையது, குடுவையைவிட்டு வெளிவந்த கன்று வேரூன்றிப் பழகும் நாற்றங்கால் நிலைக்குரிய தென்னைநார்க் கழிவே என்று தோன்றுகிறது. நீரை நெடுநேரம் தாங்கும் அது, உப்பு நீங்க நல்ல நீரில் பலமுறை அலசப்பட்டாலன்றி இளவேரைக் கருக்கிவிடும்.