காவிரியின் திமில் மகசீரும் தூண்டில்காரர்களின் பதிவேடும்

திமில் மகசீர் என்பது காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே இயற்கையாக வாழும் பெரிய நன்னீர் மீன் ஆகும். கெண்டை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடியது. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதைத் தேடிக் காவிரிக்கு வந்துள்ளனர். ஆயினும் 2018 வரை இம்மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லை. பெயர் உறுதியான அதே ஆண்டில் இது மிக அருகிய இனம் என்றும் அறிவிக்கப்பட்டது. இம்மீனின் வீழ்ச்சியை உலகுக்குக் காட்டிய முதன்மைச் சான்று, தூண்டில்காரர்கள் நாள்தோறும் எழுதிவைத்த மீன்பிடிப் பதிவேடு என்பது குறிப்பிடத்தக்கது.

மீனும் ஆறும்

மகசீர் மீன்களுக்குத் தடித்த உதடுகளும் பெரிய செதில்களும் உண்டு. காவிரி இனத்தில் வளர்ந்த மீனின் தலைக்குப் பின்னால் முதுகு காளையின் திமில் போல உயர்ந்திருக்கும். பாறைகளுக்கிடையே சுழித்தோடும் நீரும் ஆழமான மடுக்களும் இதன் வாழிடம். பருவமழையில் ஆறு பெருகும்போது இது இனப்பெருக்கத்திற்காக நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும். மழை ஓய்ந்து நீர் தெளிந்த பின், குளிர்காலத்திலிருந்து கோடையின் தொடக்கம் வரை தூண்டிலுக்கு ஏற்ற காலமாகக் கருதப்பட்டது. அணைகள் வந்த பிறகு ஆற்றின் நீர்மட்டம் மழையை மட்டுமன்றித் திறந்துவிடப்படும் நீரின் அளவையும் சார்ந்ததாயிற்று.

ஆங்கிலேயர் காலம்

சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூல், மகசீரை ஆங்கிலேயத் தூண்டில்காரர்களிடையே புகழ்பெறச் செய்தது. மீன்வளம் அழிவது குறித்து அரசின் கவனத்தை ஈர்த்தவர்களுள் தாமசும் ஒருவர். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் இயற்றப்பட்டது.

மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் பெயர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். இந்தியாவில் தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களுள் மிகப் பெரியது என இது நெடுங்காலமாகக் குறிப்பிடப்பட்டு வருகிறது.

மீன்பிடி முகாம்கள்

விடுதலைக்குப் பின் சில காலம் மகசீர் பற்றிய பேச்சு குறைந்திருந்தது. பெரிய மீன்கள் இனி இல்லை என்றே பலர் எண்ணினர். 1970-களின் இறுதியில் பிரிட்டனிலிருந்து வந்த தூண்டில்காரர் குழு ஒன்று காவிரியில் பெரிய மகசீர்களைப் பிடித்ததும், பல நாடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினர். 1972-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பாதுகாத்தது. சிவனசமுத்திரத்திற்கும் மேகதாதுவிற்கும் இடைப்பட்ட பகுதியில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாகளி ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன.

பரிசலில் சென்று, வேகவைத்த கேழ்வரகு மாவு உருண்டையைத் தூண்டிலில் கோத்துப் போடுவது இங்கு வழக்கம். பிடித்த மீனை எடைபோட்டு உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முகாமின் விதி. உள்ளூர் மக்கள் வழிகாட்டிகளாகவும் ஆற்றுக் காவலர்களாகவும் வேலை பெற்றனர். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

நீலத்துடுப்பு மகசீரின் வருகை

இதே காலத்தில் லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தின் மீன் பண்ணையில் நீலத்துடுப்பு மகசீர் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. இது தக்காணத்து ஆறுகளைச் சேர்ந்த வேறோர் இனம். மகசீர் குறைந்து வருகிறது என்ற கவலையால், அதை ஈடுசெய்யும் நல்லெண்ணத்துடன் இதன் குஞ்சுகள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. எல்லா மகசீரும் ஏறக்குறைய ஒன்றே என்ற எண்ணம் அன்று நிலவியதால், ஓர் ஆற்றின் இனத்தை மற்றோர் ஆற்றில் விடுவது தவறாகத் தோன்றவில்லை.

பதிவேடு காட்டிய உண்மை

கலிபோரே முகாமில் யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எந்த வகை மீன், என்ன எடை என்பன குறித்துவைக்கப்பட்டன. 1998 முதல் 2012 வரையிலான இக்குறிப்புகளை ஏட்ரியன் பின்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 23,000 மணி நேரத்திற்கும் மேற்பட்ட தூண்டில் முயற்சியில் 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்கள் பிடிபட்டிருந்தன.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நிலைமை நன்றாகவே தெரிந்தது. ஒரு மணி நேரத்திற்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடியது. ஆனால் இனவாரியாகப் பிரித்தபோது வேறு கதை வெளிப்பட்டது. பெருகியவை வெளியிலிருந்து வந்த நீலத்துடுப்பு மகசீர்கள். காவிரிக்கே உரிய திமில் மகசீரின் எண்ணிக்கை பெருமளவு சரிந்திருந்தது. பிடிபட்ட சிலவும் பெரும்பாலும் முதிர்ந்த பெரிய மீன்கள். இளம் மீன்கள் அரிதாயின. புதிய தலைமுறை உருவாகவில்லை என்பதையே இது உணர்த்தியது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்தல், மாசு ஆகியவற்றுடன் வேற்றினத்தின் போட்டியும் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

பெயர் உறுதியானது

தூண்டில்காரர்கள் இம்மீனை ‘டோர் முசுல்லா’ என அழைத்து வந்தனர். அப்பெயர் வேறொரு மீனுக்கு உரியது எனப் பின்னர் தெளிவாயிற்று. நீலகிரிக்கு வடக்கே ஓடிப் பவானியுடன் சேரும் மாயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பும் மரபணுவும் ஆராயப்பட்டன. காவிரிப் படுகையைச் சேர்ந்த கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு முன்பே விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவியை’ என்பதும் திமில் மகசீரும் ஒன்றே என 2018-இல் உறுதியாயிற்று. மீனியல் ஆய்வாளர் கே. ரெமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் இடப்பட்ட பெயர் இது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளரும் இப்பணியில் பங்கேற்றார்.

தடையும் விவாதமும்

முகாம்கள் காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் இருந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திற்குள் தூண்டில் போடுவதும் வேட்டையாகக் கருதப்பட்டதால் அது நிறுத்தப்பட்டது. பொழுதுபோக்கிற்காக உயிரினத்தைத் துன்புறுத்தலாகாது என்பது தடையை ஆதரிப்போர் கருத்து. தூண்டில்காரர்கள் விலகியதும் காவலும் விலகியது, வெடி வைப்போருக்கு ஆறு திறந்துவிடப்பட்டது என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய இழப்பு ஒன்று உண்டு: 2012-க்குப் பின் அம்முகாமின் பதிவேட்டில் எழுத எவரும் இல்லை.

இன்றைய நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் திமில் மகசீரை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. காவிரியின் முதன்மை ஓட்டத்தில் இம்மீன் இன்று மிக அரிது. முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்கிடையே ஓடும் மாயாறு இதன் முக்கியப் புகலிடமாக எஞ்சியுள்ளது. அங்கு வேற்றின மகசீர்க் குஞ்சுகளை விடாமலிருப்பதும், எஞ்சியுள்ள மீன்களை இனவாரியாகத் தொடர்ந்து கணக்கெடுப்பதும் இதன் பாதுகாப்பிற்கு இன்றியமையாதவை.