எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பாடம்

ஆசிரியர்களைத் தயாரிப்பதில் பின்லாந்தையும் ஜப்பானையும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இன்று பலரும் கூறுகிறார்கள். இதே விஷயத்தில் ஒரு காலத்தில் இங்கிலாந்து சென்னையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்பதை நம் இளைய தலைமுறையினர் அறிந்துகொள்வது நல்லது.

1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கென் என்ற சுமார் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி பலித்தது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் இது! 1797-ல் பெல் இதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்தெங்கும் பரவியது.

செலவு குறைவு என்பதே இதன் பலம். ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். ஆனால் சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது மனப்பாடம் மட்டுமே, "ஏன்?" என்று ஒரு குழந்தை கேட்டால் அவன் என்ன செய்வான்? எனவே 1846-ல் இங்கிலாந்து முறையை மாற்றியது. 13 வயது நிரம்பிய மாணவர்கள் ஐந்து வருஷம் தலைமையாசிரியரிடம் தொழில் பழகினார்கள். அவர்களில் தேர்ந்தவர்கள் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார்கள். சென்னையிலும் 1856-ல் அரசு நார்மல் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது.

பின்லாந்தில் ஆசிரியர் பயிற்சி 1863-ல் தொடங்கியது. 1979 முதல் அங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் அவசியம். மருத்துவ மாணவருக்கு ஆஸ்பத்திரி போல, பயிற்சி பெறுபவருக்கென்று பல்கலைக்கழகங்களே பள்ளிகளை நடத்துகின்றன. 1872-ல் டோக்கியோவில் நார்மல் பள்ளி தொடங்கிய ஜப்பான், 1989 முதல் புதிய ஆசிரியர்களுக்கு வேலையில் சேர்ந்த பிறகும் ஒரு வருஷப் பயிற்சி அளிக்கிறது.

நம் நாட்டில் வெகு காலம் ஒரு வருஷமாக இருந்த பி.எட். படிப்பு 2015-ல் இரண்டு வருஷமாயிற்று. அதில் 20 வாரங்கள் பள்ளியில் பழக வேண்டும். விதியில் குறையில்லை. ஆனால் அனுபவசாலி ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துத் திருத்தினால்தான் அந்த 20 வாரங்களுக்குப் பயன் உண்டு. இல்லாவிட்டால் நோட்டில் கையெழுத்து மட்டுமே மிஞ்சும். நஷ்டம் குழந்தைகளுக்குத்தான். சாந்தன்பாறை போன்ற கேரள மலைப்பகுதிகளில், வீட்டில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வருபவருக்கு இத்தகைய பழக்கம் இன்னும் அவசியம். அக்குழந்தைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு துணை இல்லை.

பல ஊர்களிலும் நம் அங்கத்தினர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அநேகர். அருகிலுள்ள பள்ளியின் அனுமதியோடு, வாரத்தில் ஒரு நாள் அந்தக் கடைசி பெஞ்சில் அவர்கள் உட்காரலாமே!